பொருள்நோக்குச் செய்நிரலாக்கம்: கல்லூரி வாசலில் ஒரு தடை

சென் தெனியிலும் அதனை அண்டிய ஊர்களிலும் வளரும் நம் பிள்ளைகள் பலர் கணனிக் கல்வியை நாடிச் செல்கின்றனர். லீசே இறுதியாண்டில் அதனைச் சிறப்புப் பாடமாகப் பயில்வோருக்கு 2020ஆம் ஆண்டு முதல் வகுப்பு, பொருள் என்னும் கருத்துகள் பைதன் மொழியில் அறிமுகமாகின்றன. ஆயின் மரபுரிமையும் பல்லுருவமும் அப்பாடத்திட்டத்தில் இல்லை. அயலிலுள்ள வில்தனூஸ் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் முதலாண்டிற் காலடி வைத்த பின்னரே பிள்ளை அவற்றைச் சந்திக்கின்றது. சில மாதங்களிலேயே "எனக்கு இது சரிவராது" என்று சோர்ந்த பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம். அவர்களை மறித்தது கணிதமன்று. சிந்திக்கும் முறை மாறியமையே.

இம்முறை 1960களில் ஒஸ்லோவில் டால், நைகார்ட் என்னும் இரு நோர்வே அறிஞர் ஆக்கிய சிமுலா மொழியிற் பிறந்தது. பாரிசிற் பிறந்த பெர்த்ரான் மேயர் 1985இல் ஆக்கிய மொழிக்கு, நாம் நாளும் காணும் கோபுரத்தின் பொறியியலாளர் நினைவாக ஐஃபெல் என்றே பெயர். இன்று கல்லூரிகள் பலவற்றிற் கற்பிக்கப்படும் ஜாவா 1995இல் வெளிவந்தது.

லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையை எண்ணிக்கொள்வோம். பழைய முறையில் அரிசி மூடைகளின் எண்ணிக்கை ஓரிடத்திலும், அதனைக் குறைக்கும் கட்டளைகள் பத்திடங்களிலும் கிடக்கும். ஒரு கட்டளை இருப்பைப் பாராமற் குறைத்துவிட்டால், கடையில் மறை மூன்று மூடை அரிசி இருப்பதாகக் கணனி கூறும்! புதிய முறையில் இருப்பும் அதனைக் குறைக்கும் செயலும் ஒன்றாகப் பொதியப்படும். வெளியிலிருப்போர் இருப்பைத் தொடவியலாது. "விற்றுத் தா" என்று கேட்கலாம், இல்லையெனில் அது மறுக்கும். 'சரக்கு' என்பது வகுப்பு. அரிசி, பருப்பு ஒவ்வொன்றும் அவ்வகுப்பின் பொருள். (வகுப்பு என்றதும் பள்ளி வகுப்பறையை நினைத்தல் வேண்டா. இனம் என்று கொள்க.)

மரபுரிமையை விளங்க நம் இலக்கணமே துணைநிற்கும். தொல்காப்பியச் சொல்லதிகாரம் திணை, பால் பாகுபாட்டுடனேயே தொடங்குகின்றது. உயர்திணையின் இயல்பு ஆண்பால், பெண்பால், பலர்பால் மூன்றிற்கும் உரியது. ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே அதனை மீண்டும் எழுதவேண்டியதில்லை. 'ஓடு' என்னும் ஒரே வினைக்கு ஓடினான், ஓடினாள், ஓடினர், ஓடியது, ஓடின என ஒவ்வொரு பாலும் தன் ஈற்றைக் காட்டுகின்றது. ஒரே கட்டளைக்கு ஒவ்வொரு வகுப்பும் தனக்குரிய முறையில் விடையளித்தலே பல்லுருவம். ஒப்புமை முழுதும் பொருந்தாதுதான்: இலக்கணத்தில் ஈறு மட்டுமே மாறும், கணனியிலோ செய்யும் விதமே மாறலாம். எனினும் சனிக்கிழமைதோறும் இதனைப் பயின்ற பிள்ளைக்கு இது முற்றிலும் புதிதன்று.

பிள்ளைகள் பெரிதும் இடறுவது வேறோரிடத்தில். நம் வீடுகளிற் பிள்ளைக்குப் பதிவுப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் இன்னொன்று. கூப்பிடும் பெயருடைய பிள்ளைக்கு முடி வெட்டினால், பதிவுப் பெயருடைய பிள்ளைக்கும் முடி குறைந்திருக்கும், பிள்ளை ஒன்றுதானே! ஜாவாவிலும் பைதனிலும் ஒரு பொருளுக்கு இரண்டாம் பெயரிட்டால் பிரதி உண்டாவதில்லை. இதை அறியாத மாணவர், தாம் தொடாத பொருள் ஏன் மாறியதென்று இரவு முழுதும் தேடுவர். தாளில் பொருளுக்கொரு பெட்டியும் பெயருக்கொரு அம்புக்குறியும் வரைந்து பார்த்தால், இரண்டு அம்புகள் ஒரே பெட்டியைத் தொடுவது உடனே தெரிந்துவிடும்.