மலையும் மஞ்சும் மந்திரியார் விமானமும்

நல்லதண்ணியில் விடியற்காலையில் நின்று பார்ப்போருக்குச் சிவனொளிபாதமலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். நண்பகல் கொழுந்து நிறுக்கும் வேளைக்குள் 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலை இருந்த இடமே தெரியாமற் போவதும் உண்டு. தாழ்நிலத்திலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறுகின்றது. ஏற ஏறக் குளிர்கின்றது. குளிர்ந்தவுடன் அதிலுள்ள நீராவி மஞ்சாக மாறிப் பள்ளத்தாக்கை நிரப்புகின்றது. தோட்டத்து மக்களுக்கு இது அன்றாடக் காட்சி. வானிற் பறந்து வருவோருக்கோ உயிர் பற்றிய செய்தி.

மலைநாட்டில் பெரிய விமானம் இறங்கத்தக்க ஓடுபாதை இல்லை. ஆதலின் கொழும்பிலிருந்து ஜனாதிபதியோ பிரதமரோ விரைந்து வரவேண்டுமாயின், பெரும்பாலும் விமானப்படையின் ஹெலிகொப்டரே துணை. பாடசாலை மைதானமும் தோட்டத்து விளையாட்டுத் திடலும் அன்று விமானத் தளங்களாகிவிடும். 1951 மார்ச் 2ஆம் நாள் தோற்றுவிக்கப்பட்ட நம் விமானப்படையில், நாட்டுத் தலைவர்களை ஏற்றிச் செல்வதற்கென்றே 4ஆம் இலக்க ஹெலிகொப்டர் அணி இருக்கின்றது. இந்தியாவிலும் இப்பணிக்கெனத் தில்லியின் பாலம் தளத்தில் விமானப்படை அணி ஒன்று உண்டு.

இப்பணி படையினரிடம் ஒப்படைக்கப்படுவது ஏன்? எந்நேரமும் ஆயத்தமாயிருக்கும் விமானிகள், சீர்செய்யப்படாத இடத்திலும் இறங்கும் பயிற்சி, பயண விபரம் வெளியே போகாத கட்டுப்பாடு ஆகியவை முதன்மையான காரணங்கள். ஆயினும் இவ்வேற்பாட்டினுள்ளே ஓர் இடரும் மறைந்திருக்கின்றது. படையின் இயல்பு மேலோர் சொற்குக் கீழ்ப்படிவது. ஏறி அமர்ந்திருப்பவரோ விமானியின் மேலோர்க்கும் மேலோர். வானிலை கெடும்போது, “இனிச் செல்லலாகாது” என்று சொல்லவேண்டியவர் அந்த இளம் விமானியே.

நமது மலைநாட்டைப் போலவே தேயிலை விளையும் நீலகிரியில் 2021 டிசெம்பர் 8ஆம் நாள் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். இந்திய முப்படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், தம் துணைவியாருடனும் அலுவலர்களுடனும் வெலிங்டன் படைக் கல்லூரிக்குப் புறப்பட்டார். விமானப்படையின் எம்.ஐ.-17 வி5 ஹெலிகொப்டர் முற்பகல் 11.48க்குச் சூலூரிலிருந்து எழுந்தது. 12.15க்கு இறங்கவேண்டிய அது, ஏறக்குறைய 12.08க்குத் தொடர்பிழந்தது. குன்னூருக்கு அருகே மரங்களிடையே வீழ்ந்து எரிந்தது. பதினால்வருள் பதின்மூவர் அன்றே மாண்டனர். எஞ்சிய குரூப் கப்டன் வருண் சிங் டிசெம்பர் 15இல் உயிர் நீத்தார். ஓடிவந்து உதவியவர்கள் அவ்வூர் மக்கள். தம் வீட்டுக் கம்பளிகளிலேயே காயமுற்றோரைச் சுமந்தனர்.

இயந்திரக் கோளாறோ சதியோ காரணம் அன்று என்று விசாரணை மன்றம் 2022 ஜனவரியில் அறிவித்தது. எதிர்பாராது மாறிய வானிலையால் வானூர்தி முகிலுட் புகுந்தது; விமானிக்குத் திசையுணர்வு மயங்கியது; நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருந்த வானூர்தி நிலத்தில் மோதியது. முகிலினுள்ளே கண்ணுக்குத் தொடுவானம் தெரியாதபோது, சமநிலை உணர்த்தும் உட்செவி மனிதனை ஏமாற்றிவிடும். சாய்ந்து பறப்பவன் நேராகப் பறப்பதாகவே எண்ணுவான். கருவிகளை மட்டும் நம்பி உயர எழவேண்டும். ஒடுங்கிய பள்ளத்தாக்கிலோ திரும்ப இடமில்லை, சிந்திக்க நேரமுமில்லை.

2010 ஏப்ரல் 10ஆம் நாள் போலந்து ஜனாதிபதி லெக் கச்சின்ஸ்கி சென்ற விமானப்படை விமானம், ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் நகரருகே அடர்ந்த பனியில் இறங்க முயன்று வீழ்ந்தது. 96 பேரும் மாண்டனர். விமானியின் மனத்தை அழுத்திய சூழலை ரஷ்ய விசாரணை சுட்டிற்று. பயிற்சிக் குறைகளைப் போலந்து விசாரணை எடுத்துக்காட்டிற்று. தலைவர்களை ஏற்றிச் செல்லவென்றே இருந்த அப்படையணி 2011இல் கலைக்கப்பட்டது.

மலைக்கு அதிகாரியும் ஒன்று, ஏழையும் ஒன்று. 1974 டிசெம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவிலிருந்து மக்கா யாத்திரிகர்களுடன் வந்த டச்சு விமானம், கட்டுநாயக்காவை நெருங்கும்போது தன் இடத்தைத் தவறாகக் கணித்துத் தாழ்ந்து பறந்தது. நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். அது படை விமானமும் அன்று. அதில் அமைச்சரும் இலர். எனினும் பாடம் ஒன்றே.

ஆதலின் பெருமக்களின் வான்பயணத்திற்கு வேண்டிய முதற் பாதுகாப்பு, விமானி “இயலாது” என்று சொன்னால் அதுவே முடிவாகும் என்னும் விதியாகும். அவ்வாறு சொன்னமைக்காக அவர் பின்னர் இடர்ப்படலாகாது. மலைப்பாதையில் மோட்டார் வண்டியும் ஆயத்தமாய் நிற்றல் வேண்டும். மைதானத்தில் மாலையுடன் காத்திருக்கும் நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. “மஞ்சு இறங்கிவிட்டது; அமைச்சர் இன்று வரமாட்டார்” என்று ஒலிபெருக்கி அறிவித்தால், அதனை அவமதிப்பாகக் கருதலாகாது. மஞ்சு கலையும்வரை காத்திருப்பது இழிவன்று என்பதை மலையில் வாழ்வோர்க்கு வேறொருவர் கற்பிக்கவேண்டுவதில்லை.