செங்கோட்டையைச் சேர்த்து வைத்த டெல்லி மேல்-சபை

தென்காசியில் இருந்து மேற்கே 8 கிலோ மீட்டர் போனால் செங்கோட்டை. குற்றாலத்துக்கும் அது பக்கத்து ஊர்தான். ஒரே மலை, ஒரே சாரல், ஒரே தமிழ். ஆனால் 1956-ம் ஆண்டு வரை தென்காசியும் குற்றாலமும் சென்னை ராஜ்யத்தில் இருந்தன. செங்கோட்டையோ திருவாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது!

தென்காசிக்காரருக்கு ஜில்லாவின் தலைநகர் திருநெல்வேலி. செங்கோட்டைக்காரருக்குக் கொல்லம். அங்கே போக மலையைத் தாண்ட வேண்டும். 1904-ல் மலையைக் குடைந்து போட்ட ரெயில் பாதை இருந்தது. ஆனால் வண்டியை விட்டு இறங்கினால் பாஷை வேறு.

இந்த நிலையை மாற்றியது ஒரு சட்டம். அது டெல்லி மேல்-சபையைத் தாண்டி வந்த கதை இது.

ரத்தம் சிந்திய கோரிக்கை

தமிழர்கள் வாழும் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. முன்னணியில் நின்றவர் நேசமணி. 1954-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். பலர் உயிர் இழந்தார்கள்.

ராஜ்யங்களின் எல்லையை ஆராய பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகிய மூவரைக் கொண்ட கமிஷனை மத்திய சர்க்கார் நியமித்து இருந்தது. 1955-ல் அறிக்கை வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய 5 தாலுகாக்களும் சென்னைக்கு என்றது கமிஷன். தமிழர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை.

மேல்-சபையில் மசோதா

1956 ஆகஸ்டு மாதம். குற்றாலத்தில் சாரல் காலம். லோக்சபையில் நிறைவேறிய ராஜ்ய சீரமைப்பு மசோதா மேல்-சபைக்கு வந்தது. அப்போது சபையின் தலைவர், உப ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன். மசோதாவுக்குப் பொறுப்பு உள்துறை மந்திரி பந்த். கமிஷனில் இருந்த குன்சுருவும் அந்தச் சபையில் ஓர் உறுப்பினர்!

மேல்-சபையில் ஒரு மசோதா எப்படி நிறைவேறுகிறது? முதலில் மந்திரி அதை விளக்கிப் பேசுவார். உறுப்பினர்கள் ஆதரித்தும் எதிர்த்தும் பேசுவார்கள். பிறகு ஒவ்வொரு பிரிவாக எடுப்பார்கள். ஆதரிப்பவர்கள் "ஆம்" என்றும், எதிர்ப்பவர்கள் "இல்லை" என்றும் குரல் கொடுப்பார்கள். எந்தக் குரல் அதிகம் என்று தலைவர் சொல்வார். அதை ஏற்காதவர்கள் ஓட்டெடுப்பு கேட்கலாம். கடைசியில் முழு மசோதாவும் ஓட்டுக்கு வரும்.

வரி, செலவு பற்றிய பண மசோதாவை மேல்-சபை தடுக்க முடியாது. 14 நாளில் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஆனால் எல்லையை மாற்றும் மசோதா அப்படி அல்ல. லோக்சபை நிறைவேற்றினால் மட்டும் போதாது. மேல்-சபைக்கும் அதில் பங்கு உண்டு.

மேல்-சபையும் நிறைவேற்றியது. ஆகஸ்டு 31-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். சட்டத்தின் 4-வது பிரிவில் செங்கோட்டையின் பெயர் இருந்தது.

நவம்பர் 1

1956 நவம்பர் 1-ந் தேதி செங்கோட்டை திருநெல்வேலி ஜில்லாவில் சேர்ந்தது. மற்ற 4 தாலுகாக்களும் கன்னியாகுமரி ஜில்லா ஆயின. மலைக்கு அப்பால் உள்ள ஆரியங்காவு இன்று கேரளத்தில் இருக்கிறது.

2019 நவம்பர் 22-ந் தேதி தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. செங்கோட்டையும் அதில் ஒரு தாலுகா. ஒரு காலத்தில் ஜில்லா அதிகாரியைப் பார்க்க மலை ஏறி இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று பஸ் ஏறித் தென்காசிக்குப் போய் வந்துவிடுகிறார்கள்.

மேல்-சபையில் இன்று 245 இடங்கள். தமிழ்நாட்டுக்கு 18. அந்த 18 பேரையும் தேர்ந்தெடுப்பவர்கள் நமது எம்.எல்.ஏ.க்கள். எம்.எல்.ஏ.க்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாம். தென்காசியில் போடும் ஓட்டு, டெல்லி மேல்-சபை வரை போகிறது!