மரங்கொத்தி தட்டினால் மரத்தைப் பாருங்கள்



தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கும் முன்னேஸ்வரம் கோயிலுக்கும் நமது தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்துப் போகிறவர்கள் பலர் உண்டு. போகும் வழியில் புத்தளம் கரையோரத்தில் குடியேறிய சொந்தக்காரர்களையும் எட்டிப் பார்த்து வருவது வழக்கம். அப்படிப் போன ஒரு பயணத்தில் நாங்கள் கண்ட விசயத்தை இங்கே எழுதுகிறோம். மலைநாட்டில் இருக்கும் உங்களுக்கும் இது உதவும். லயத்து ஓரத்தில் பலகை அடித்து இறக்கிய குசினியோ காம்பராவோ உங்களில் பலரிடம் இருக்கிறதுதானே!

முப்பது வருடத்துக்கு மேல் தேயிலையில் உழைத்த ஒரு தம்பதி ஓய்வு பெற்று, கற்பிட்டிப் பக்கம் தென்னந்தோட்டத்தில் காவல் வேலை செய்யும் மருமகனோடு போய்ச் சேர்ந்தார்கள். சேமலாப நிதிக் காசைப் போட்டுத் தென்னம்பலகையில் சின்னதாக ஒரு வீடு கட்டினார்கள். கூரைக்குப் பனஞ்சலாகையும் தகரமும். நாங்கள் போனபோது அந்த அம்மா முதலில் சொன்னது வீட்டைப் பற்றிய கவலையைத்தான்.

"விடிஞ்சா போதும் ஐயா, டொக்கு டொக்குன்னு ஆரம்பிச்சிடுது. அந்த மூலைக்கால பாருங்க, சல்லடையா ஆக்கிடுச்சு."

பெரியவர் கோபமாக இருந்தார். சோற்றில் பூச்சி மருந்தைக் கலந்து கூரை ஓரத்தில் வைத்துவிடுவதாகச் சொன்னார். அதே வாசலில் தவழும் பேரப்பிள்ளை ஒன்று இருந்தது. முதலில் அந்த எண்ணத்தை விடச் சொல்லிவிட்டு, பிறகுதான் மூலைக்காலைப் பார்க்கப் போனோம்.

எந்தப் பறவை?

அது மரங்கொத்தி. புத்தளத்துக்கு வடக்கே மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் போனால் முதுகு பொன்னிறமாக இருக்கும். தெற்கே வந்தால் முதுகு சிவப்பாக இருக்கும். இந்தச் சிவப்பு முதுகு மரங்கொத்தி இலங்கையைத் தவிர வேறு எந்த நாட்டிலும் இல்லை. இரண்டு இனமும் சந்திக்கும் இடங்களில் கலந்து, செம்மஞ்சள் நிறத்திலும் சில காணப்படும்.

ஏன் கொத்துகிறது?

வீட்டை உடைக்க வேண்டும் என்று எந்தப் பறவையும் வருவதில்லை. மூன்று காரணங்கள் உண்டு. கொத்தியிருக்கும் விதத்தைப் பார்த்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம்.

1. சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாகவோ கூட்டமாகவோ இருந்தால், உள்ளே தீனி இருக்கிறது என்று அர்த்தம். கறையான், எறும்பு, மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு ஆகியவற்றைத் தேடித்தான் கொத்துகிறது.

2. கை நுழையும் அளவுக்கு வட்டமாகக் குடைந்திருந்தால், அது கூடு. பச்சை மரத்தை விட உளுத்த மரம் குடைவதற்கு இலகு.

3. ஓட்டையே இல்லாமல் தகரத்திலோ காய்ந்த பலகையிலோ வேகமாகத் தட்டினால், அது துணையைக் கூப்பிடும் சத்தம். இணை சேரும் காலம் முடிந்தால் இது தானாகவே குறைந்துவிடும்.

தேயிலையில் வேலை செய்த உங்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. கவ்வாத்து வெட்டிய காயம் சரியாக ஆறாமல் உக்கிப்போனால், அந்த வழியாகக் கறையான் தூருக்குள் இறங்கிவிடும். மேலே செடி பச்சையாகத் தெரியும், உள்ளே வெறும் கூடுதான் இருக்கும். வீட்டு மரமும் அப்படித்தான். அறுத்த முனையில் தண்ணீர் இறங்கும், மரம் உக்கும், பூச்சி வரும். மரங்கொத்தி வருவது கடைசியில்தான்.

அந்த வீட்டு மூலைக்காலை நாங்கள் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். இடுப்பு உயரத்துக்குக் கீழே கெட்டியான சத்தம் வரவில்லை, வெறும் டப்பா மாதிரி கேட்டது. ஒரு ஆணியை விரலால் அழுத்தினோம், சுத்தியல் இல்லாமலே பாதி இறங்கிவிட்டது. கூரையின் பாரத்தில் ஒரு பங்கு அந்தக் காலில்தான் நின்றது. பறவை கொத்தாமல் இருந்திருந்தால், அடுத்த பெருங்காற்று வரும்வரை யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

மரத்தைச் சோதிப்பது எப்படி?

சுத்தியலால் அடியிலிருந்து மேலே வரை தட்டிக்கொண்டு போங்கள். சத்தம் மாறும் இடத்தில் அடையாளம் போடுங்கள். காலடியில் மாவு மாதிரி மரத்தூள் கொட்டியிருக்கிறதா, சுவரில் கறையான் மண் பாதை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தென்னை மரத்தில் இன்னொரு விசயம் உண்டு. அதன் வெளிப்பக்கம்தான் வைரம், நடுப்பக்கம் மென்மை. நடுப்பலகையைக் காலுக்கும் வளைக்கும் போட்டால் சீக்கிரம் உக்கும். வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டும்.

கரையோரத்தில் உப்புக் காற்றால் சாதாரண ஆணி துருப்பிடித்துவிடும். துரு ஊதும்போது மரம் வெடிக்கும், வெடிப்பால் தண்ணீர் இறங்கும். விலை கொஞ்சம் கூடினாலும் கல்வனைஸ் ஆணிதான் பாவிக்க வேண்டும்.

திருத்தும் முறை

முதலில் ஓட்டைக்குள் முட்டையோ குஞ்சோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடைக்காதீர்கள். பொன்முதுகு மரங்கொத்தியின் முட்டை ஏறக்குறைய 11 நாளில் பொரித்துவிடும். அதன் பிறகு சுமார் 20 நாளில் குஞ்சு பறந்துவிடும். ஒரு மாதம் பொறுத்தால் போதும். கால் பலவீனமாக இருந்தால் அதுவரை பக்கத்தில் ஒரு முட்டுக் கொடுத்து வையுங்கள்.

உக்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு நல்ல மரம் போட வேண்டும். சின்ன ஓட்டை என்றால் மரத்தூளையும் மரப் பசையையும் குழைத்து அடைத்து, காய்ந்ததும் மேலே தகரத் துண்டு அடிக்கலாம். உள்ளே பூச்சி இருக்கும்போது வெளியே மட்டும் அடைத்தால், பறவை பக்கத்தில் புது ஓட்டை போடும். அறுத்த முனைகளுக்கெல்லாம் இரண்டு தடவை பெயின்ட் அடியுங்கள். கால் மண்ணில் நேராக நிற்காமல் சீமெந்துக் கட்டையின் மேல் நிற்கட்டும். புத்தளம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை அதிகம். அதற்கு முன்பே வேலையை முடித்துவிடுவது நல்லது.

விரட்டும் முறை

இதில் நாம் மட்டும் திண்டாடவில்லை. 1995இல் அமெரிக்காவில் டிஸ்கவரி விண்வெளி ஓடம் புறப்படத் தயாராக நின்றபோது, மரங்கொத்தி இனப் பறவைகள் அதன் எரிபொருள் தாங்கியை மூடியிருந்த மென்மையான நுரைப் பூச்சில் சுமார் 200 ஓட்டைகள் போட்டுவிட்டன. யூன் 8ஆம் திகதி போக வேண்டிய ஓடம், திருத்திய பிறகு யூலை 13ஆம் திகதிதான் போனது. அதன் பின் பிளாஸ்டிக் ஆந்தை, கண் வரைந்த பலூன் எல்லாம் வைத்துக் காவல் போட்டார்கள். அவ்வளவு பெரிய இடத்திலும் பறவை தேடியது மென்மையான இடத்தைத்தான்.

நம் வீட்டுக்கு ஆந்தை பொம்மை தேவையில்லை. மினுங்கும் கடதாசி, பழைய சீடி ஆகியவற்றைக் கொத்தும் இடத்தில் காற்றில் ஆடும்படி கட்டலாம். ஆனால் சில நாளில் பறவைக்குப் பழகிவிடும், அடிக்கடி இடம் மாற்ற வேண்டும். அதைவிட நல்லது வலை. கரையோரத்தில் பழைய மீன் வலைக்குப் பஞ்சமில்லை. முக்கால் அங்குலத்துக்கு மேற்படாத கண் உள்ள வலையை, சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, கூரை ஓரத்திலிருந்து இறுக்கமாகக் கட்டுங்கள். தொய்வாக விட்டால் பறவை, அணில், பாம்பு எல்லாம் சிக்கிச் சாகும்.

செய்யக் கூடாதவை

பூச்சி மருந்தைச் சோற்றில் கலந்து வைக்கவே கூடாது. மரங்கொத்தி சோறு தின்ன வராது. தின்னப் போவது உங்கள் கோழியும், தெரியாமல் எடுத்து வாயில் வைக்கும் குழந்தையும்தான். கெட்டபோலால் அடிப்பதும் வேண்டாம். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மரங்கொத்தி பாதுகாக்கப்பட்ட பறவை. கொன்றால் வழக்கு வரும்.

தென்னையை நம்பி வாழும் அந்த மாவட்டத்தில் மரங்கொத்தி வேலைக்காரனும்கூட. மரத்தைக் குடையும் பூச்சி புழுக்களைச் சம்பளமில்லாமல் பொறுக்கித் தின்கிறது.

அந்தத் தம்பதியின் மருமகன் மூலைக்காலை மாற்றினார். கழற்றியபோது கீழ்ப்பாதி கையோடு உதிர்ந்து வந்ததாம். அடுத்த முறை போனபோது பெரியவரிடம் பறவையைப் பற்றிக் கேட்டோம்.

"இப்பவும் வருது ஐயா. தென்னையில தட்டுது, வீட்டுப் பக்கம் வாறதில்ல. நாந்தான் மாசத்துக்கு ஒருக்கா சுத்தியல எடுத்துக்கிட்டு எல்லாக் காலையும் தட்டிப் பார்க்கிறேன்."

வாழ்நாள் உழைப்பில் கட்டும் வீடு ஒன்றுதான். பறவை தட்டும்வரை காத்திராமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் வீட்டு மரங்களை ஒருமுறை தட்டிப் பாருங்கள் என்பதே எமது வேண்டுகோள்.