இலவச சிகிச்சையும் இழப்பீட்டு உரிமையும்

அவிநாசிபாளையத்திலிருந்து நாள்தோறும் திருப்பூருக்குச் செல்லும் பனியன் தொழிலாளி ஒருவருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் தனியார் மருத்துவமனைக்குச் செல்லலாம், இ.எஸ்.ஐ. மருத்துவமனையையோ அரசு மருத்துவமனையையோ நாடலாம். மூன்று இடங்களிலும் அறுவை சிகிச்சை நிபுணரின் கடமை ஒன்றே. ஆனால், கவனக்குறைவால் பாதிப்பு நேர்ந்தால், நீதி பெறும் வழி மட்டும் ஒன்றல்ல.

சிகிச்சை பலனளிக்கவில்லை என்பது மட்டுமே கவனக்குறைவு ஆகிவிடாது. திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்தச் சூழலில் காட்டியிருக்கக் கூடிய சராசரிக் கவனம் காட்டப்பட்டதா என்பதே கேள்வி. குற்ற வழக்குக்கு இதுவும் போதாது. மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. நோயாளியின் மரணத்துக்குக் காரணமான மருத்துவருக்கு 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு இடமளிக்கிறது.

இழப்பீட்டுக்கான எளிய வழி நுகர்வோர் ஆணையம். மருத்துவ சிகிச்சை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்ற சென்னை உயர்நீதிமன்றத்தின் கருத்தை ஏற்காத உச்சநீதிமன்றம், 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் பெற்று அளிக்கப்படும் சிகிச்சை 'சேவை'யே என்று தீர்ப்பளித்தது. கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தினாலும் அது பொருந்தும்.

இ.எஸ்.ஐ. சிகிச்சையை இலவசம் என்றே பல தொழிலாளர்கள் கருதுகின்றனர். அது தவறு. ஊதியத்தில் தொழிலாளி 0.75 சதவீதமும் நிறுவனம் 3.25 சதவீதமும் செலுத்துகின்றன. அந்தச் சந்தாவே கட்டணம் என்பதால், இ.எஸ்.ஐ. பயனாளியும் நுகர்வோரே என்று கிஷோர் லால் வழக்கில் 2007-இல் உச்சநீதிமன்றம் கூறியது. பனியன் தொழிலாளர்கள் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் அரசு மருத்துவமனைக்கு மட்டும் நுகர்வோர் சட்டம் பொருந்தாது. பாதிக்கப்பட்டவர் உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர்நீதிமன்றத்தையோதான் நாட வேண்டும். ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963-இல் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்ணின் வயிற்றுக்குள் துண்டு ஒன்று விடப்பட்டது. சில நாள்களில் அவர் இறந்தார். ஊழியர்களின் கவனக்குறைவுக்கு அரசே பொறுப்பு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996-இல். இழப்பீடு ரூ.36,000. இடையில் கழிந்தவை 33 ஆண்டுகள்!

பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ, மருத்துவத்தைப் பிற பண்டங்களிலிருந்து வேறுபடுத்துவது மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான அறிவு இடைவெளியே என்று விளக்கினார். மயக்க நிலையில் மேஜையில் கிடப்பவருக்கு என்ன நடந்தது என்பதே தெரியாது. அவருடைய ஒரே சாட்சி மருத்துவப் பதிவேடு. கேட்ட 72 மணி நேரத்துக்குள் அது தரப்பட வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி. நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பதும் நினைவில் இருத்தத்தக்கது.

எல்லா மருத்துவர்களையும் ஐயத்துடன் பார்ப்பது தீர்வாகாது. வழக்குக்கு அஞ்சும் மருத்துவர் தேவையற்ற பரிசோதனைகளை எழுதுவார். சிக்கலான நோயாளியை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார். அந்தச் செலவும் நோயாளியின் தலையிலேயே விழும். நியூசிலாந்தில் 1974 முதல் செயல்படும் விபத்து இழப்பீட்டுத் திட்டம், சிகிச்சையால் நேரும் பாதிப்புக்கும் தவறு யாருடையது என்று நிரூபிக்கக் கோராமல் உதவுகிறது. நம் நாட்டிலும் வாகன விபத்துகளுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் உள்ளன. அரசு மருத்துவமனை நோயாளிகளுக்கும் அத்தகைய அமைப்பு ஒன்றைத் தமிழக அரசு ஏற்படுத்தலாம்.

கட்டணம் செலுத்த இயலாதவர் என்பதற்காக ஒருவர் நீதிக்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டும் என்பது நியாயமாகாது.