மீண்டும் 'ராயல்'

கனடாவில் 1968-இல் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றையும் ஒன்றாக இணைத்தார்கள். கடற்படை, விமானப்படைப் பெயர்களிலிருந்த 'ராயல்' போனது. எல்லோருக்கும் ஒரே பச்சைச் சீருடை; நடுக்கடலில் நிற்கும் மாலுமிக்கும் பச்சைதான்! கடற்படையினருக்கு மனம் ஆறவே இல்லை. இணைப்பை எதிர்த்துப் பேசிய அட்மிரல் லாண்டிமோர் 1966-லேயே பதவியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்.

1980-களில் தனித்தனிச் சீருடைகள் திரும்பின. 2010-இல் கடற்படை அதிகாரிகளின் சட்டைக்கைப் பட்டையில் பழைய சிறு வளையம் வந்தது. 2011 ஆகஸ்டில் 'ராயல் கனடியக் கடற்படை', 'ராயல் கனடிய விமானப்படை' என்ற பெயர்களும் மீண்டன. முடியாட்சி அடைமொழி இப்போது எதற்கு என்று முணுமுணுத்தவர்களும் உண்டு, நியாயமான கேள்விதான். தரைப்படைக்கு மட்டும் 'ராயல்' கிடையாது. மாறியது பெயர்தான், மூன்று படைகளும் இன்றும் ஒரே தலைமைத் தளபதியின் கீழ்தான் இயங்குகின்றன.