தேசிக்காய் பிழிந்தால் பிளேன்டீ ஏன் வெளுக்கிறது?

கம்பளைக் கடையில் கடுஞ்சிவப்பாக வரும் பிளேன்டீயில் பாதித் தேசிக்காயைப் பிழிந்து பாருங்கள். கண்ணெதிரே நிறம் இறங்கிப் பொன்மஞ்சளாகிவிடும். எப்படி?

பச்சைக் கொழுந்தில் இந்தச் சிவப்பு கிடையாது. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி அரைக்கும்போது கலங்கள் உடைகின்றன. உள்ளே பிரிந்திருந்த கெட்டச்சின் என்னும் பொருள்களும் நொதியமும் கலந்து, காற்றின் ஒட்சிசனோடு தாக்கமடைய, தியாஃபிளேவின், தியாருபிஜின் என்னும் நிறப்பொருள்கள் உண்டாகின்றன. கொழுந்தை முதலிலேயே சூடாக்கி நொதியத்தை அடக்கிவிட்டால், அதே செடி பச்சைத் தேயிலை தரும்.

தியாருபிஜின் ஒரு மென்னமிலம். ஐதரசன் அயனை இழந்த நிலையில் அதன் நிறம் அடர்த்தியாக இருக்கும். தேசிக்காயின் சித்திரிக் அமிலம் அந்த அயனைத் திருப்பிக் கொடுக்கிறது, நிறம் மங்குகிறது. ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் நேரெதிராகச் சாயம் கறுக்கும்.

கடுஞ்சாயம் ஆறியதும் கலங்கினால் கெட்டுப்போனதென்று ஊற்றிவிடாதீர்கள். கஃபீனும் தியாஃபிளேவினும் குளிரில் ஒட்டிக்கொள்வதே அந்தக் கலங்கல். சூடாக்கினால் பிரிந்து தெளிந்துவிடும். நல்ல சாயத்துக்கு அதுவும் ஓர் அடையாளம்.