குழி நிறைந்தால் யார் அள்ளுவது?

2017 பிப்ரவரி. தெலங்கானாவில் வாரங்கல் பக்கத்து கங்கதேவிபள்ளியில், மத்திய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலாளர் பரமேஸ்வரன் ஐயர் ஒரு வீட்டின் கழிப்பறைக் குழிக்குள் இறங்கினார். நிறைந்து, மூடி, ஆறப்போட்டிருந்த குழி. உள்ளே கிடந்ததைத் தன் கையால் அள்ளினார். பல மாநிலங்களிலிருந்து வந்திருந்த அதிகாரிகளும் முறை வைத்து இறங்கினார்கள். வெளியே வந்தது காப்பித்தூள் மாதிரி உதிரியான கருமண். நாற்றம் கிடையாது.

கேமராக்களை வரவழைத்துச் செய்த காரியம்தான். ஆனாலும் ஐயர் என்று பெயரில் தாங்கிய ஒருவர் மலக்குழியில் இறங்கினால் அதற்கு என்ன பொருள் என்று நம் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதைக் காட்டத்தானே கேமரா!

போன வாரம் தூய்மை இந்தியா இயக்கத்தின் கணக்கைப் பார்த்தோம். 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. கழிப்பறை கட்டும் வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை. பணம் வந்தது, கட்டடமும் எழுந்தது. ஆனால் கட்டிய வீட்டிலேயே சிலர் சொம்போடு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர்கள் டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் குழுவினர் பீகார், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து வட மாநிலங்களில் நடத்தி, 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை முன்பே சொல்லியிருந்தது: நல்ல நிலையில் கழிப்பறை இருந்த வீடுகளிலும் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் ஒருவராவது வெளியேதான் போனார். வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் புதிதாக வந்த மருமகளுக்கும்தான் கக்கூஸ். கைகால் திடமாக இருப்பவனுக்கு எதற்கு என்பது ஊர் நியாயம்.

சோம்பல், அறியாமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. குழியைப் பற்றிய பயம் இது. அப்போது நம்மைவிட ஏழை நாடாக இருந்த வங்கதேசத்தில் மலிவான குழிக் கழிப்பறைகளை வைத்துக்கொண்டே திறந்தவெளிப் பழக்கத்தை ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். நிறைந்தால் அள்ளுவார்கள், அல்லது கூலிக்கு ஆள் வைப்பார்கள். இங்கே அள்ளுவது சில சாதிகளின் தலையில் கட்டப்பட்ட வேலை. அவர்கள் இனிமேல் வரமாட்டோம் என்கிறார்கள். யாரையும் அந்த வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. மற்றவர்களோ தொடமாட்டார்கள். அப்புறம் குழி நிறையாமல் பார்த்துக்கொள்ள ஒரே வழி, அதில் போகாமல் இருப்பது!

கங்கதேவிபள்ளியில் இருந்தது இரட்டைக் குழி. பீங்கானிலிருந்து வரும் குழாய் ஒரு சின்னத் தொட்டிக்கு வந்து இரண்டாகப் பிரியும். ஒரு வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும். குழி சுமார் ஒரு மீட்டர் அகலம், அதைவிடக் கொஞ்சம் ஆழம். சுற்றுச்சுவரில் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்குவார்கள். அடியில் வெறும் மண், சிமென்ட் பூசக் கூடாது. தண்ணீரையும் வாயுவையும் மண் வாங்கிக்கொள்ளும். ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு குழி சில வருடம் தாங்கும். நிறைந்ததும் அதை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். ஒன்றிரண்டு வருடம் கைவைக்காமல் விட்டால் கிருமிகள் மடிந்து எருவாகிவிடும். அப்போது அள்ளுவது மலத்தை அல்ல.

இவ்வளவு எளிமையான ஏற்பாட்டை எங்கே கெடுக்கிறோம்? பெரும்பாலும் கொத்தனாரின் கையில். இரண்டு குழியையும் சேர்த்தே இணைத்துவிடுவார், இரண்டும் ஒன்றாக நிறையும். அல்லது வீட்டுக்காரர் ஆசைக்குக் கட்டுப்பட்டு ஒரே குழியை ஆழமாகத் தோண்டி, அடியிலும் பூசிக் கொடுப்பார்.

நம் ஊரில் அந்த ஆசைக்குப் பெயர் செப்டிக் டேங்க். "இருபது வருசத்துக்குக் கவலையில்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாகக் கட்டுகிறோம். நிறைந்தால் லாரி வரும், உறிஞ்சும். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாத லாரி ராத்திரியில் எந்த வாய்க்காலில் கொட்டுகிறது என்று பணம் கொடுத்தவர் கேட்பதில்லை. அடியில் இறுகிப்போன கசடைக் குழாய் இழுக்காதபோது ஒருவர் உள்ளே இறக்கப்படுகிறார். விஷவாயு அங்கே காத்திருக்கும். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி இறந்தவர்கள் பற்றி நாடாளுமன்றத்தில் அரசு தந்த கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. செயலாளர் இறங்கிய குழியில் அந்த ஆபத்து இல்லை. இவர்கள் இறங்கும் இடத்துக்குக் கேமராவும் போவதில்லை.

இரட்டைக் குழி எல்லா மண்ணுக்கும் ஒத்துவராது. நிலத்தடி நீர் மேலே நிற்கிற இடத்தில் குழியிலிருந்து கசிவது பக்கத்துக் கிணற்றுக்கும் போகும். காவிரிக் கரையில், திருச்சி மாவட்டம் முசிறியில் இதுதான் சிக்கல். ‘ஸ்கோப்’ என்ற தொண்டு நிறுவனம் அங்கே குழியே தோண்டாமல், தரைக்கு மேலேயே அறை கட்டி, சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரித்து, தண்ணீருக்குப் பதில் சாம்பல் தூவும் கழிப்பறைகளை அமைத்தது. அவற்றில் ஒன்று பொதுக் கழிப்பறை. உள்ளே போய் வந்தவர்களிடம் காசு வாங்கவில்லை, அவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். அந்தக் கணக்கு அடுத்த வாரம்.

(தொடரும்)